மூன்று செட் துணி

மலாய்மொழியில் பிரசவிப்பதற்கு 'பெர்சாலின்' என்று பெயர். மருத்துவமனைகளில் 'டெவான் பெர்சாலின்' என்ற பலகையைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் அந்தச் சொல்லை யாரும் நின்று கவனிப்பதில்லை. 'சாலின்' என்றால் மாற்றுவது. உடுத்திய துணியை மாற்றுவதற்கும் அதே சொல்தான். பிள்ளை பெறுவதும் துணி மாற்றுவதும் எப்படி ஒரு சொல்லுக்குள் வந்தன என்பதை மொழியறிஞர்கள் சொல்லட்டும். தமிழில் நாம் 'பேறு' என்கிறோம். பெறுவது. கொடுத்தால் பெறலாம். கொடுக்காமலும் போகலாம் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் எங்கள் வீட்டில் மூன்று வாரமாகச் சண்டை.

அரசாங்கக் கிளினிக்கில் பிங்க் புத்தகத்துக்குள் ஒரு பட்டியலை மடித்து வைத்துக் கொடுத்தார்கள். தாய்க்கு இரண்டு பாத்தேக் கைலி, நாப்கின், பல் தேய்க்கும் சாமான். குழந்தைக்கு மூன்று செட் துணி, சுற்றுவதற்குத் துண்டு, பேம்பர்ஸ், தொப்பி, கையுறை, காலுறை. 36-ஆவது வாரத்துக்குள் பையைக் கட்டி வாசல் பக்கம் வைத்துவிடச் சொன்னார் மிஸ்ஸி. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். கைலி வரைக்கும் சரி. அதற்குக் கீழே போனதும் தாளை மடித்துவிட்டார்.

"புள்ளைக்கு இப்ப ஒன்னும் வாங்கக்கூடாது. பொறக்கட்டும், பாத்துக்கலாம்."

"பொறந்த ஒடனே கேப்பாங்களேம்மா."

"தாத்தாவோட பழைய வேட்டி இருக்கு. கிழிச்சுத் தர்றேன்."

அம்மாவை மூடநம்பிக்கைக்காரி என்று ஒதுக்கிவிட முடியாது. முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் போதித்தவர். பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிட்டு நிற்பவர். அவரே இப்படிச் சொன்னதால்தான் நான் யோசிக்க ஆரம்பித்தேன். இன்னும் வராத ஒருவருக்காக ஒரு பொருளை வாங்கி வைப்பது என்ன மாதிரியான செயல்? நம்பிக்கையா, திமிரா, கடமையா?

இந்த விதி நம்மிடம் மட்டும் இல்லை. பிறக்கும் முன் குழந்தைக்குச் சாமான் வாங்காத வழக்கம் யூதக் குடும்பங்களிலும் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி, நான் மாசமாக இருப்பது தெரிந்த நாளிலிருந்து, சுவரில் ஆணி அடிக்காதே, கட்டிலை நகர்த்தாதே என்று என் கணவரை மிரட்டிக்கொண்டிருக்கிறார். கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். கண்ணு பட்டுரும். ஆனால் யாருடைய கண்?

பாட்டி கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே மரம் சீவியவர். ஒன்பது பெற்றார், ஆறு தங்கியது. எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் ஆறு என்பார். கிளினிக்கில் வயதான காலத்தில் பழைய விவரம் எழுதும்போது மட்டும் ஒன்பது என்று சொன்னதை, கூடப் போயிருந்த நான் கேட்டேன். அந்த மூன்று பேரைப் பற்றி வீட்டில் ஒரு பொருளும் இல்லை, ஒரு துணி, ஒரு காப்பு கிடையாது. லயத்து வீடு எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் இதன் நியாயம் புரியும். ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் ஓர் அஞ்சடி. விட்டத்தில் ஒரு தொட்டில் காலியாகத் தொங்கினால் அதைப் பார்க்காமல் திரும்பிப் படுக்கக்கூட இடம் கிடையாது. விடியும் முன் எழுந்து பெரட்டுக்குப் போகவேண்டிய பெண் அந்தத் தொட்டிலை எங்கே ஒளித்துவைப்பாள்? அதனால் முதலிலேயே கட்டவேண்டாம் என்றார்கள். கண் வேறு யாருடையதும் இல்லை, அவளுடையதுதான்.

எபிக்டெட்டஸ் என்ற பழைய தத்துவவாதி, உன் பிள்ளையை முத்தமிடும்போது ஒரு மனிதப் பிறவியைத்தான் முத்தமிடுகிறாய், அது சாகக்கூடியது என்று உனக்கு நீயே சொல்லிக்கொள் என்று போதித்தார். அவருடைய மாணவர் தொகுத்த சிறு கைநூலில் ஆரம்பத்திலேயே இது வருகிறது. கல்லூரியில் முதன்முதலாக இதைப் படித்தபோது இவ்வளவு கல்நெஞ்சா என்று புத்தகத்தை மூடினேன். அவர் அடிமையாகப் பிறந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. கையில் இருப்பது எதுவும் தன்னுடையது இல்லை என்று தெரிந்தவனின் பாடம் அது. பாட்டியும் அவரும் சந்தித்திருந்தால் பேச்சே தேவைப்பட்டிருக்காது, வெற்றிலைப் பெட்டியைத் தள்ளிவிட்டிருப்பார்.

இதை மதிக்கிறேன். ஆனால் நாம் ஒன்றைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். துணி வாங்கக்கூடாது என்ற அதே வீட்டில்தான் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு நடக்கிறது. ஊரைக் கூட்டி, சந்தனம் பூசி, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்குகிறோம். கண்ணுக்குப் பயந்தால் இதையல்லவா முதலில் நிறுத்தவேண்டும்? மலாய்க்காரர்களின் 'லெங்காங் பெருட்' சடங்கும் ஏழாம் மாதத்தில்தான். தாயைப் படுக்கவைத்து அவள் முதுகுக்குக் கீழே ஏழு வண்ணத் துணிகளை விரித்து ஒவ்வொன்றாக அசைத்து எடுப்பார்கள். இரண்டிலும் தருவது எல்லாம் தாய்க்குத்தான், வளையலும் துணியும் சோறும். இருக்கிறவளுக்குச் செய், வராதவருக்குச் செய்யாதே என்று அந்தக் கிழவிகள் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாப்கினுக்கும் கைலிக்கும் ஒரு வரி ஒதுக்கிவிட்டுக் குழந்தைக்குக் காலுறை வரை எண்ணிக் கேட்கும் நம் காலப் பட்டியல்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. கடைகள் தயாரிக்கும் பட்டியலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அறுபது சாமான். துடைப்பானைச் சூடுபடுத்த ஒரு மிஷின். பயத்தைத்தான் விற்கிறார்கள், பை நமக்கு இலவசம்.

ஆனால் பாட்டியின் விதி வீட்டுப் பிரசவத்துக்காக எழுதப்பட்டது. மருத்துவச்சி வந்துவிட்டாள் என்றால் பழைய வேட்டி பத்து அடி தூரத்தில் இருந்தது. ஒன்றும் வாங்கி வைக்காததால் யாருக்கும் நஷ்டமில்லை. பிரசவம் வீட்டைவிட்டு வெளியேறிய பிறகுதான் பை என்ற ஒன்றே வந்தது. சிங்கப்பூரில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 1924-இல் மகப்பேற்று மருத்துவமனையாகத் திறந்தபோது முப்பது படுக்கைகள். 1966-இல் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. கின்னஸ் புத்தகத்தில் ஏறிய எண்ணிக்கை. ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேல். அந்தப் பெயருக்கு எருமைக் கொட்டில் என்று அர்த்தம். அப்படி ஓர் இடத்தில் 'தாத்தா வேட்டி வீட்டுல இருக்கு மிஸ்ஸி' என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

என் தோழி ஒருத்தியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எட்டாம் மாதம் முடியும் தறுவாயில் வயிற்றில் அசைவு நின்றுபோனது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இல்லாத பிள்ளையையும் பெற்றுத்தான் ஆகவேண்டும். பதினான்கு மணி நேரம் வலி. அவள் வீட்டிலும் விதி உண்டு, பிள்ளைக்கென்று எதுவும் வாங்கியிருக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒரு மலாய் மிஸ்ஸி குழந்தையைத் துடைத்துக்கொண்டே, "துணி கொண்டு வந்திருக்கிறாயா, போட்டுவிடுகிறேன்" என்று கேட்டாராம். இயல்பாக, எந்தத் தாயிடமும் கேட்பதைப் போல. இவளிடம் இல்லை. இவள் கணவர் கீழே கடைக்கு ஓடினார். அங்கே இருந்ததிலேயே சின்ன அளவு எதுவோ அதை வாங்கிக்கொண்டு வந்தார். பெரிதாக இருந்தது. மிஸ்ஸி கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டார்.

"அந்த அஞ்சு நிமிசந்தான் அவன் என் புள்ளயா இருந்தான்" என்றாள் தோழி. "அதுக்கு மட்டும் ஒரு சட்ட, நான் பாத்து வாங்கினதா இருந்திருக்கலாம்."

இதைக் கேட்ட பிறகு பாட்டியின் கணக்கு எனக்குப் போதவில்லை. விதி, மிச்சமாகக் கிடக்கும் துணியிலிருந்து தாயைக் காப்பாற்றுகிறது. அது செய்யும் வேலை நிஜமான வேலைதான். ஆனால் வருபவரை அது கணக்கில் எடுப்பதேயில்லை. குழந்தை உயிரோடு வந்தால்தான் வந்ததாக அர்த்தம் என்று வைத்துக்கொள்கிறது. உயிரில்லாமல் வந்த பிள்ளைக்கும் ஓர் உடம்பு இருக்கிறது, அதற்கும் குளிர் தெரியாவிட்டாலும் துணி வேண்டும். பாட்டியின் அந்த மூன்று பேரை எதில் சுற்றினார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. கேட்க இப்போது பாட்டியும் இல்லை.

எனவே துணி வாங்குவதை நான் பந்தயமாகப் பார்ப்பதை விட்டுவிட்டேன். நல்லபடியாகப் பிறக்கும் என்று அடித்துச் சொல்லி வாங்குவதில்லை. எப்படி வந்தாலும் வருகிறவர் என் விருந்தாளி, அவருக்கு உடுத்த ஒன்று இருக்கவேண்டும், அவ்வளவுதான். எபிக்டெட்டஸும் முதுமையில், வெளியே போட்டுவிட இருந்த ஒரு நண்பரின் குழந்தையை எடுத்து வளர்த்ததாகச் சொல்வார்கள். சாகக்கூடியது என்று தெரிந்தே எடுத்தார். துணியும் தேடியிருப்பார்.

தோழியின் கதையை அம்மாவிடம் சொன்னேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கு நானும் அவரும் போன அன்று, கடைக்காரர் எடுத்துப்போட்ட மூன்று செட்டையும் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல ஒன்னு இன்னும் சின்னதா குடுங்க" என்றார். ஏன் என்று கடைக்காரர் கேட்கவில்லை. நானும்தான். வேட்டியும் கிழிபட்டு, துவைக்கப்பட்டு, சதுரம் சதுரமாகப் பைக்குள் இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க அவர் தயாரில்லை, எனக்கும் அதில் மறுப்பில்லை. நாற்பது வருடம் துவைத்த பருத்தியைவிட மெதுவான துணியை எந்தக் கடையிலும் நான் தொட்டதில்லை.

பட்டியலில் ஒன்று மட்டும் யாருடைய விதிக்கும் காத்திருக்க முடியாது. திருமணப் பத்திரம். 1982 மார்ச் முதல் தேதிக்குப் பிறகு இந்த நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவது கட்டாயம். ஆனாலும் கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று நின்றுவிட்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர். பெற்றோர் திருமணம் பதிவாகாமலோ, தாயின் ஆவணம் தொலைந்தோ, பிறப்பையே பதியாமல் விட்டோ, அடையாள அட்டை இல்லாமல் வளர்ந்து நிற்கும் தமிழ்ப் பிள்ளைகளை நாம் எல்லோரும் அறிவோம். துணி இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் யாராவது கொண்டுவந்துவிடுவார்கள். இந்தத் தாள் இல்லையென்றால் பள்ளி, வேலை, வங்கி என்று ஒவ்வொரு கதவிலும் அந்தப் பிள்ளை நிற்கும், சில சமயம் நாற்பது வயதுவரை. பிறக்கட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்பது இங்கே மட்டும் செல்லாது. இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் கணவரின் காடியில் வைத்திருக்கிறேன்.

மிச்சமிருப்பது தாயின் பங்கு. எல்.ஏ. பால் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 2014-இல் ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளை பெறுவது போன்ற அனுபவங்கள் நம்மையே வேறொருவராக மாற்றிவிடுகின்றன, அதனால் அது எப்படியிருக்கும் என்று முன்கூட்டியே எடைபோட்டு முடிவெடுக்க முடியாது என்பது அவருடைய வாதம். இரத்தக்காட்டேரியாக மாறலாமா என்று யோசிப்பவனை உதாரணம் காட்டுகிறார். மாறிய பிறகு என்ன பிடிக்கும் என்பது மாறாதவனுக்கு எப்படித் தெரியும்? வாதத்தில் எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு. பிள்ளை பெற்றவர்கள் யாரும் காட்டேரியாகிவிட்டதாகத் தெரியவில்லை, தூக்கமில்லாத கண்களைத் தவிர. ஆனால் பை கட்டும்போது அவர் சொல்வது உறைக்கிறது. இந்த ஜிப்பைத் திறக்கப் போகிறவளை எனக்குத் தெரியாது. அவளுக்கு எது வலிக்கும், எது பசிக்கும், யாரைப் பார்க்கப் பிடிக்கும், ஒன்றும் தெரியாது. குழந்தையும் அவளும் ஒரே நாளில் வருகிறார்கள். 98 நாள் விடுப்பு அவளுக்கு உண்டு. 2023-க்கு முன் அது 60 நாள்தான். அந்த நாட்களில் அவள் யாராக இருப்பாள் என்று விடுப்புப் பாரத்தில் கேட்கவில்லை.

வளைகாப்பு நடத்திய கிழவிகளைப் பின்பற்றி அவளுக்கென்று கொஞ்சம் தாராளமாகவே வைத்திருக்கிறேன். இரண்டுக்குப் பதில் நான்கு கைலி, ஒரு புட்டி தைலம், உப்பு போட்ட கடலை, நீளமான சார்ஜர் வயர். கூடவே பாதி வாசித்த ஒரு நாவல், 212-ஆவது பக்கத்தில் மடித்தது. அங்கே புத்தகமெல்லாம் வாசிக்க முடியாது, பாரம்தான் என்று பெற்றவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். கணவரும் இரண்டு முறை வெளியே எடுத்து வைத்துவிட்டார். திரும்ப உள்ளே வைத்திருக்கிறேன். வாசிப்பதும் வாசிக்காததும் அவள் பாடு.