ஓட வேண்டிய சோதனை, உட்கார வேண்டிய சோதனை

சோதனையை எதிர்த்து நின்று வெல்பவர் உயர்ந்தவரா, அது இருக்கும் இடத்தை விட்டே ஓடிவிடுபவர் உயர்ந்தவரா? வீரத்தைப் போற்றிப் பழகிய மனம் முதலாமவருக்கே மாலை போடும். பூட்டிய வீட்டில் திருடாதவனுக்கு என்ன பெருமை என்றும் கேட்கும்.

வேதாகமம் ஓட்டத்தை இகழவில்லை. போத்திபாரின் மனைவியிடம் நாள்தோறும் மறுத்துப் பேசிவந்த யோசேப்பு, அவள் வஸ்திரத்தைப் பற்றி இழுத்த அன்று பேச்சை நிறுத்திவிட்டு ஓடினான். கையில் சிக்கிய அந்த வஸ்திரமே அவனுக்கு எதிரான சாட்சியாகிச் சிறையில் தள்ளியது. ஓடுவது சுலபமான வழி என்பவர்கள் ஆதியாகமம் 39ஆம் அதிகாரத்தைக் கடைசிவரை வாசிப்பது நல்லது.

நான்காம் நூற்றாண்டில் இன்னொருவர் ஓடினார். கான்ஸ்டாண்டிநோப்பிளில் திருத்தொண்டராக இருந்த ஏவாக்ரியஸ், எதிர்க்கருத்தாளர்களை வாதத்தில் மடக்குவதில் பேர்போனவர். உயர்குலத்துப் பெண் ஒருத்தி, இன்னொருவரின் மனைவி, அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டாள். அவருடைய சீடர் பல்லாடியஸ் எழுதிவைத்திருப்பது இது: தாம் கைதாகிச் சங்கிலியில் கிடப்பதாக ஒரு காட்சி கண்டார் ஏவாக்ரியஸ், நகரைவிட்டுப் போய்விடுவேன் என்று அந்தக் காட்சியிலேயே சத்தியமும் செய்தார். விழித்ததும் மூட்டை கட்டிக் கப்பலேறிவிட்டார். கனவில் செய்த சத்தியம் கட்டுப்படுத்தாது என்று நிறுவ அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சோதனை வேளையில் கூர்மையான அறிவு பெரும்பாலும் எதிரிக்குத்தான் வக்கீலாகிறது. அவர் வாதத்தையே தொடங்கவில்லை. அந்த ஓட்டத்தில் மதிக்க வேண்டியது அதுதான். ஆனால் ஓடுபவர், பலவீனம் தம்முடையது என்ற தெளிவோடு ஓட வேண்டும். பழியைப் பெண்ணின் மேல் போட்டுவிட்டு ஓடிய துறவிகளின் கதைகளுக்குக் கிறிஸ்தவ மரபில் பஞ்சமில்லை.

ஓடியதால் எல்லாம் முடிந்துவிடவில்லை. போய்ச் சேர்ந்த எருசலேமில் மறுபடி ஆடம்பரத்தில் தடுமாறினார், காய்ச்சலில் விழுந்தார், மெலானியா என்ற அம்மையார் துறவு வாக்குறுதி வாங்கிய பிறகே எகிப்தின் பாலைக்குப் போனார். இல்லறத்தாரோடு பிசாசு பொருள்களைக் கொண்டு போரிடுகிறது, துறவியோடு எண்ணங்களைக் கொண்டு போரிடுகிறது என்பது அங்கே அவர் கண்டது. 399இல் இறக்கும் தறுவாயில், உடலிச்சை தம்மைத் தொல்லை செய்யாமல் இது மூன்றாம் ஆண்டு என்றாராம். பாலையில் கழிந்த ஏனைய ஆண்டுகளெல்லாம் போர்தான். ஓட்டம் அவருக்கு வெற்றியைத் தரவில்லை, போரிட அவகாசம் தந்தது.

விந்தை என்னவென்றால், ஓடிப் பிழைத்த இந்த மனிதர்தான் ஓடவே கூடாத ஒரு சோதனையையும் நுணுக்கமாக எழுதினார். மனிதரை அலைக்கழிக்கும் எட்டு எண்ணங்களை அவர் வகுத்தார். அவற்றில் ஒன்று மனச்சோர்வு. நண்பகலில் சூரியன் நகராததுபோலத் தோன்றும். பகலுக்கு ஐம்பது மணி நேரம் என்றாகிவிடும். இருக்கும் அறை கசக்கும், செய்யும் வேலை கசக்கும், வேறு எங்காவது போனால் தேவனுக்கு இன்னும் பிரியமாய் வாழலாம் என்று பக்தியின் குரலிலேயே எண்ணம் பேசும். அதற்கு அவர் சொன்ன மருந்து, அறையை விட்டு எழுந்து போகாதிருப்பது.

ஆகவே நிற்பதா ஓடுவதா என்ற கேள்விக்கு, எந்தச் சோதனை என்று திருப்பிக் கேட்பதே நேர்மை. ஒரு பொருளையோ ஆளையோ பற்றிக்கொண்டு வளரும் ஆசையிடம் வீரம் காட்டுவது அகந்தை. குடியை விட்டவர் மதுக்கடைத் தெருவைச் சுற்றிப் போவதை யாரும் கோழைத்தனம் என்னக்கூடாது. ஓட்டத்தையே தீனியாகத் தின்னும் சோதனை வேறு வகை. சபை மாற்றிச் சபை மாற்றிப் போகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், அங்கே அன்பில்லை என்பது. சகோதரரிடம் அன்பு அற்றுப்போயிற்று என்ற எண்ணத்தையும் மனச்சோர்வின் அடையாளங்களில் ஒன்றாக ஏவாக்ரியஸ் குறித்திருக்கிறார். அவர்கள் சொல்வது சில சமயம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மூன்றாவது சபையிலும் அன்பில்லை என்றால், நான்காவதைத் தேடுமுன் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாம்.