இடம் மாறலாம், உரிமை மாறலாமா?



பழைமையான பொருள் ஒன்றுக்கு ஆபத்து நேரும்போது, அதை வேறிடம் கொண்டுசென்று காப்பது போதுமா? ஜப்பானியர் தங்கள் தோட்டங்கள் சிலவற்றைத் தூரத்து மலையும் காட்சியில் சேரும்படி அமைப்பார்கள். அங்குள்ள கல்லையும் மரத்தையும் பெயர்த்துச் செல்லலாம். மலையை என்ன செய்வது? எதைக் காப்பாற்றினோம் என்பதோடு, எதை விட்டுவந்தோம் என்றும் கேட்கவேண்டியிருக்கிறது.

வன்னி மக்களுக்கு இக்கேள்வி புதிதன்று. ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்த காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் தேவதாயின் திருச்சுரூபத்தோடு மருதமடுக் காட்டை வந்தடைந்தன என்பது நம் முன்னோர் வழிவந்த வரலாறு. 2008 ஏப்ரலில் யுத்தம் மடுவை நெருங்கியபோது, குருக்கள் அதே திருச்சுரூபத்தைத் தேவன்பிட்டி ஆலயத்திற்குக் கொண்டுசென்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் அது மீண்டும் மடுவுக்கு வந்தது.

திருச்சுரூபத்தைச் சுமந்தவர்கள் அதன்மேல் பக்தி கொண்டவர்கள். அதை வேறெவரும் அபகரிக்கவில்லை. வழி திறந்ததும் அன்னையைத் தம் இல்லத்திற்கு அழைத்து வந்தார்கள். புனித சூசையப்பரும் எகிப்தைப் புகலிடமாகவே கொண்டார். ஆபத்து நீங்கியதும் தாயையும் பாலனையும் கூட்டிக்கொண்டு தம் நாட்டுக்குத் திரும்பினார்.

திருச்சுரூபத்திற்குத் திரும்பும் வழி வேண்டுமென்றால், மனிதருக்கு வேண்டாமா? 2012 செப்டெம்பரில் வவுனியா மெனிக்பாம் முகாம் மூடப்பட்டபோது, முல்லைத்தீவு கேப்பாப்பிலவு மக்களின் காணிகள் இராணுவத்தின் வசம் இருந்தன. அவர்கள் வேறிடத்தில் குடியேற்றப்பட்டார்கள். 2017இல் தம் சொந்த மண்ணைக் கேட்டு அவர்கள் வீதியோரம் அமர்ந்தார்கள். பின்னர் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. "இருக்க இடம் கொடுத்தாயிற்றே, இன்னும் ஏன் பிடிவாதம்?" என்று சிலர் நினைக்கலாம்.

நாபோத்தை நினைத்துப் பாருங்கள். ஆகாபு அரசன் தன் மாளிகைக்கருகே காய்கறித் தோட்டம் போட நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்டான். அதைவிட நல்ல தோட்டமோ உரிய விலையோ தருவதாகவும் சொன்னான். முன்னோரின் உரிமைச் சொத்து என்று நாபோத்து மறுத்துவிட்டான். வேதாகமம் அவனைப் பிடிவாதக்காரன் என்று கண்டிக்கவில்லை. இறைவாக்கினர் எலியாவின் கண்டனம் அரசன் மீதே விழுந்தது.

ஆனால் அரசர்களை மட்டும் குறைசொல்லி நாம் ஒதுங்கிவிட முடியாது. இடம்பெயர்ந்த அயலவரின் வளவை நம்மில் எத்தனைபேர் பராமரிக்கிறோம்! அதன் தேங்காயையும் மாங்காயையும் பல வருடம் அனுபவித்த பின், உரியவர் படலையில் வந்து நிற்கும்போது நம் முகம் மலர்கிறதா, கறுக்கிறதா? வேலியைச் சற்றே தள்ளிப் போட்டிருக்கிறோமா? வெளிநாட்டில் இருப்பவர் இனி வரமாட்டார் என்று நாமே தீர்ப்பெழுதிவிட்டோமா?

காப்பவன் காவற்காரனே, சொந்தக்காரனல்லன். உரியவர் கையில் ஒப்படைக்கும் நாளில்தான் அவன் பணி நிறைவுபெறுகிறது. மடுத் திருவிழாவுக்குப் போகுமுன், நம் வளவின் எல்லையை ஒருமுறை நேர்மையோடு பார்ப்போம். வீடு திரும்பிய மருதமடு அன்னை, இன்னும் வீடு திரும்பாதோருக்காகப் பரிந்து பேசுவாராக.