கற்றலும் தொண்டும் ஒரே தவம்

தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லியில் உள்ள ஒன்பதாவது அனுவாகம் மாணவப் பருவத்தினருக்கென்றே அருளப்பட்டது போலத் தோன்றும். வாய்மை, தவம், புலனடக்கம், மன அடக்கம், வேள்வி, விருந்தோம்பல், சக மனிதர்க்கு ஆற்றும் கடமை என்று அது ஒவ்வோர் அறமாக எண்ணிச் செல்கிறது. ஆனால் எந்த அறத்தையும் அது தனியாக நிறுத்துவதில்லை. ஒவ்வொன்றின் பெயரைச் சொன்னதும், அதனுடன் ஓதுதலும் ஓதுவித்தலும் இணைந்திருக்க வேண்டும் என்று மீண்டும் மீண்டும் வலியுறுத்துகிறது. தொண்டுக்காகக் கல்வியை விடவும் அங்கே இடமில்லை. கல்விக்காகத் தொண்டை ஒத்திப்போடவும் இடமில்லை.

இன்று பெங்களூர் போன்ற நகரத்துக்குப் படிக்க வரும் இளைஞரின் நிலை என்ன? பெற்றோர் கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். தேர்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்குகின்றன. அந்த நேரத்தில் ஏரியைத் தூய்மை செய்யவும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கவும் மகன் புறப்பட்டால், 'முதலில் படித்து முடிக்கட்டும், பிறகு சேவை செய்யலாம்' என்று தாயின் உள்ளம் அஞ்சுகிறது. அந்த அச்சத்தில் அன்பு இருக்கிறது. ஆயினும் கல்வியும் தொண்டும் ஒரே நேரத்துக்குப் போட்டியிடும் இரு பகைவர்கள் என்ற எண்ணமும் அதில் கலந்திருக்கிறது.

படிப்பைத் தொடும் சேவை

இந்த எண்ணத்தை மாற்ற முயன்றவர்களுள் ஒருவர் வி.கே.ஆர்.வி. ராவ். 1908-இல் காஞ்சிபுரத்தில் பிறந்த இப்பொருளாதார அறிஞர், மத்தியக் கல்வி அமைச்சராக இருந்தபோது, காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களுடன் அது பிறந்தது. தன்னை முன்வைக்காமல் பிறரை முன்வைப்பதே அதன் கொள்கை. மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்ற அது வழிவகுத்தது. அதே ராவ் 1972-இல் பெங்களூரில் சமூக, பொருளாதார மாற்றங்களை ஆராயும் நிறுவனம் ஒன்றையும் நிறுவினார். ஆய்வறையையும் மக்கள் வாழ்வையும் இணைப்பதில் அவருக்கு இருந்த நாட்டம் இவ்விரண்டிலும் விளங்குகிறது.

இவ்விணைப்பு எப்படிப் பயன் தருகிறது? பெங்களூருக்குக் கிழக்கேயும் வடக்கேயும் உள்ள கோலார், சிக்கபள்ளாப்பூர் மாவட்டங்களின் பல ஊர்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஃப்ளோரைடு மிகுந்துள்ளது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் அந்நீர் குடிக்க ஏற்றதன்று. தொடர்ந்து குடித்தால் குழந்தைகளின் பற்களில் கறை படியும். நாளடைவில் எலும்புகளும் பாதிக்கப்படும். வேதியியல் மாணவர் ஒருவர் இந்த அளவைக் கல்லூரி ஆய்வகத்தில் கண்டறியும்போது, தசமப் புள்ளி இடம் மாறினால் இரண்டு மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். அதே மாணவர் ஒரு கிராமத்துக் கிணற்று நீரைச் சோதிக்கும்போது, அந்தப் புள்ளியின் பின்னால் ஒரு குழந்தையின் முகம் தெரிகிறது. அப்போது கவனம் தானே வருகிறது, அதுவே சிரத்தை.

மறுபுறமும் உண்மை. பாடத்தைச் சரியாகக் கற்காதவர், எவ்வளவு இரக்கத்தோடு சென்றாலும், தவறான அளவையே ஊராருக்குச் சொல்வார். அறிவில்லாத அன்பு தீங்கும் செய்யக்கூடும். ஆகவே இரவில் விழித்திருந்து பாடம் படிப்பதும் அக்குழந்தைக்குச் செய்யும் தொண்டே.

மதிப்பெண் தரும் சோதனை

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, சமூகத் தொண்டையும் மதிப்பீட்டுக்கு உரிய பாடமாகவே உயர்கல்வியில் சேர்க்க வழிகாட்டியது. இதனால் பலர் தொண்டுக்கு வருகிறார்கள் என்பது நன்மை. ஆனால் ஒரு கேள்வியும் எழுகிறது. சான்றிதழுக்காகச் செய்வது சேவையாகுமா?

கீதை கர்மத்தை விடச் சொல்லவில்லை. அதன் பலனில் உள்ள பற்றையே விடச் சொல்கிறது. மதிப்பெண்ணை மாணவர் மறுக்க வேண்டியதில்லை. அது வந்தால் வரட்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகும் அந்தப் பள்ளிச் சிறுவனின் கணக்கு நினைவில் நிற்கிறதா? குறித்த மணி நேரம் முடிந்த மறுவாரமும் கால்கள் அந்தத் தெருவுக்குச் செல்கின்றனவா? இவையே உரைகல். ஏழையின் வீடு மாணவரின் பயிற்சிக்கூடமன்று. நாராயணன் உறையும் ஆலயம். அங்கே நுழைபவர் கொடுப்பவராக அல்ல, வழிபடுபவராகவே நுழைய வேண்டும்.

துடைப்பம் ஏந்திய ஆசிரியை

1899-இல் கல்கத்தாவைக் கொள்ளைநோய் வாட்டியபோது, சுவாமி விவேகானந்தரின் முன்னிலையில் சகோதரி நிவேதிதை மாணவர்களிடம் அவர்களுடைய கடமையைப் பற்றிப் பேசினார். சுமார் 15 மாணவர்கள் தொண்டுக்கு முன்வந்தார்கள். ஒரு சந்தைத் துடைக்க ஆள் கிடைக்காதபோது நிவேதிதையே துடைப்பத்தை எடுத்தார். அதைக் கண்டு வெட்கிய இளைஞர்கள் அதைத் தங்கள் கையில் வாங்கிக்கொண்டார்கள். பேச்சை விட அந்தத் துடைப்பமே அவர்களுக்குப் பெரிய பாடமாயிற்று.

அதற்கு முந்திய ஆண்டு, 1898-இல், பெங்களூரையும் அதே நோய் உலுக்கியது. அதன் பின் மக்கள் நெரிசலைக் குறைக்க வளர்ந்த பகுதிகளுள் ஒன்றுதான், இன்று இராமகிருஷ்ண மடம் விளங்கும் பசவனகுடி. மனிதத் துயரத்திலிருந்து எழுந்த அந்தத் தெருக்களில் இன்று எத்தனையோ மாணவர்கள் புத்தகம் சுமந்து நடக்கிறார்கள்.

அவர்களுள் ஒருவர் மாலையில் ஒரு சிறுவனுக்குக் கணக்குச் சொல்லித் தந்துவிட்டு, விடுதிக்குத் திரும்பித் தம் பாடத்தை விரிக்கட்டும். உபநிடதம் சொன்ன ஓதுவித்தலும் ஓதுதலும் அந்த ஒரே மாலையில் நிறைவேறும். அஞ்சிய தாயின் உள்ளமும் அன்று அமைதி பெறும். மகன் கல்வியை விடவில்லை, அதை இறைவனிடம் சேர்த்திருக்கிறான்.