கலயத்துச் சுண்ணாம்பு

கொற்கைப் பக்கம் ஓர் இறப்பு வீட்டில், குடியால் கணவனை இழந்த பெண்ணொருத்தி என்னிடம் கேட்டாள்: “சாமி, அவங்க அப்பாவும் இப்படித்தான் போனாங்க. என் பிள்ளைக்கும் இது ரத்தத்திலேயே வந்திருக்குமோ?” இறைவார்த்தை கூறித் தேற்றினேன், வினாவுக்கு விடை கூறவில்லை.

அறிவியல் அவ்வினாவைப் புறந்தள்ளவில்லை. 1931-இல் அமெரிக்க வேதியியலார் ஆர்தர் ஃபாக்ஸ் கையாண்ட பொடியொன்று காற்றில் பறந்தது. உடனிருந்தவருக்கு அது கசந்தது; அவருக்கோ சுவையே தெரியவில்லை. கசப்பை உணரும் திறன் பெற்றோர் வழியே வருவது பின்னர்த் தெளிவாயிற்று. இதற்குரிய மரபணுக்கள் ஏறத்தாழ 25 உள்ளன. அவற்றுள் ஒன்றின் உணர்திறன் குன்றிய வடிவத்தைப் பெற்றோரிடம் மதுவுக்கு அடிமையாகும் வாய்ப்பு மிகுதி என்று 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. மதுவின் கசப்பே சிலரைத் தடுக்கிறது. வேறு சிலருக்கு அக்காவல் இல்லை. நாவு மட்டுமே காரணமன்று. பிற மரபணுக்களும் வீடும் ஊரும் நட்பும் அதில் பங்கு கொள்கின்றன.

இங்கே என் மனச்சான்று உறுத்துகிறது. இளமை முதலே மது எனக்குக் கசப்பு. அதை விலக்க நான் போராடியதே இல்லை. ஆயினும் பல்லாண்டுகள் மறையுரைகளில் குடிப்போரைக் கடிந்தேன். நாவு தந்த காவலை என் புண்ணியமென எண்ணிக்கொண்டேன். இயல்பான நாட்டம் வேறு, முழுமையான நற்பண்பு வேறு என்பது புனித தோமா அக்குவினாஸ் கற்பித்த பாடமன்றோ! பழக்கம் முதலியவற்றால் ஒருவரது பொறுப்பு குறையலாம் என்று 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கூறுகிறது.

அப்படியானால் மரபுதான் தலைவிதியா? நம் பனையேறிகளைக் கேளுங்கள். ஒரே பாளை, ஒரே சாறு. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர்; தடவாவிட்டால் புளித்துக் கள். சாறு தன்னைத்தானே காத்துக்கொள்வதில்லை. சொட்டு விழுமுன்னரே ஒரு கை சுண்ணாம்பைத் தடவியாக வேண்டும்.

டப்ளின் நகரத் தொழிலாளி மாட் டால்பட், குடி மலிந்த குடும்பத்தில் பிறந்து சிறுவயதிலேயே குடிக்கு அடிமையானவர். 1884-இல் அதை விட்டவர், 1925-இல் இறக்கும்வரை தொடவில்லை. அன்றாடத் திருப்பலியும் செபமும் அவருக்குச் சுண்ணாம்பாயின. 1975-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

அந்தத் தாய்க்கு இன்று இவ்வாறு விடை கூறுவேன்: “வந்திருக்கலாம், அம்மா. ஆகவே பிள்ளையிடம் உண்மையை இப்போதே சொல்லுவோம். முதல் கிண்ணம் அவன் கைக்கு வருமுன் நாம் முந்திக்கொள்வோம்.”