நோயின் நாட்களில் இல்லறம்

மார்க்கச் சட்டங்களைக் கேட்டறிவதற்கு வெட்கம் தடையாக இருக்கலாகாது. மதீனாவின் அன்ஸாரிப் பெண்மணிகளை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியது இந்தக் குணத்திற்காகவே. ஆயினும் சில சங்கதிகள் நம் குடும்பங்களில் கணவன் மனைவிக்கிடையிலும் பேசப்படாமல், டாக்டரிடமும் கேட்கப்படாமல், ஆலிம்களிடமும் கொண்டுவரப்படாமல் நெஞ்சுக்குள்ளேயே புதைந்துவிடுகின்றன. அத்தகைய ஒன்றைப் பற்றியே இம்மாதம் எழுதத் துணிந்தோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரகடத்தை அடுத்த ஒரு பள்ளிவாசலில் இஷாவுக்குப் பின் அமர்ந்திருந்தோம். அறுபதைக் கடந்த ஒரு பெரியவர் தயங்கித் தயங்கி அருகே வந்தார். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்களும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் கார்களும் உற்பத்தியாகத் தொடங்கிய பிறகு, அந்த வட்டாரத்தின் வயல்வெளியெல்லாம் கம்பெனிகளாகிவிட்டது நாம் அறிந்ததே. பெரியவர் சிங்கப்பெருமாள் கோவில் சாலையோரம் பஞ்சர் கடை நடத்திப் பிள்ளைகளை ஆளாக்கியவர். மகன் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறார்.

“ஹஜ்ரத், ஒரு மஸ்அலா. என் வீட்டம்மாவுக்குத் தலாக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். அது எனக்குப் பாவமாகுமா?” என்றார்.

திடுக்கிட்டு விவரம் கேட்டோம். அவருக்கு புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஊசி போடுகிறார்கள். அதற்குப் பின் ஆசையும் இல்லை, இயலவும் இல்லை. “அவள் ஹக்கை என்னால் கொடுக்க முடியவில்லை. கியாமத் நாளில் என்னைப் பிடிப்பாளே” என்று சொல்லிக் கண்கலங்கினார். எட்டு மாதங்களாக அவர் பள்ளிவாசலிலேயே படுத்துறங்குவதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. இபாதத்துக்காகத் தங்குகிறார் என்றே ஜமாஅத்தார் எண்ணியிருந்தனர்.

முதலில் இந்த வைத்தியம் என்னவென்று பார்ப்போம். புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப்பையின் கீழே அமைந்த சிறு சுரப்பி. அதில் தோன்றும் புற்றுநோய், டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஆண் ஹார்மோனை உண்டு வளர்கிறது. அந்த ஹார்மோனைக் குறைத்தால் நோய் ஒடுங்கும் என்பதை 1941இல் சிகாகோவில் டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ் எடுத்துக்காட்டினார். 1966இல் நோபல் பரிசும் பெற்றார். அந்நாட்களில் விரைகளை அறுத்தெடுப்பதே பெரும்பாலும் வழியாக இருந்தது. பின்னர், மூளையிலிருந்து விரைகளுக்குக் கட்டளை செல்லும் பாதையில் முதற்படியான ஹார்மோனின் அமைப்பை 1971இல் ஆண்ட்ரூ ஷாலியின் குழுவினர் கண்டறிந்ததால், கத்தியின்றி ஊசியாலேயே அக்கட்டளையை அடக்கும் வழி பிறந்தது. ஷாலிக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஊசியால் உயிர் காக்கப்படுகிறது. ஆனால் ஆசை குன்றும், உறுப்பு தளரும், திடீரென உடல் கொதித்து வியர்க்கும், களைப்பும் மனச்சோர்வும் வரும், எலும்பு தேயும். மருந்தை நிறுத்திய பின் சிலருக்குப் பல மாதங்களில் பழைய நிலை திரும்பும். சிலருக்கு முழுதாகத் திரும்பாது. ஆக, பெரியவர் மனம் மாறியவரல்லர். மருந்து தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவே. தாம்பத்தியத்தால் இந்நோய் மனைவிக்குத் தொற்றும் என்று சிலர் அஞ்சுவதும் வீண் அச்சமே.

இனி மார்க்கத்திற்கு வருவோம். ‘ஆண்மையை அழிப்பது ஹராமாயிற்றே, இந்த ஊசி கூடுமா?’ என்று சிலர் கேட்கலாம். உஸ்மான் பின் மள்ஊன் (ரலி) அவர்கள் துறவு நாடியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை என்பது ஸஹீஹான ஹதீஸ். ஆனால் அங்கே தடுக்கப்பட்டது, ஆரோக்கியமுள்ளவர் இல்லறத்தை வெறுத்து ஒதுங்குவது. இங்கே நடப்பது உயிரைக் காக்கும் சிகிச்சை. வைத்தியம் செய்துகொள்ளும்படி ஏவிய மார்க்கம் இதைத் தடுக்காது. நிர்ப்பந்தத்தின் சலுகை தேவையின் அளவுக்கே என்பது ஃபிகுஹின் விதியாதலால், சிலருக்கு இடைவெளி விட்டு ஊசி போடுவதும் உண்டென்பதை அறிந்து, ‘எனக்கு அது பொருந்துமா?’ என்று டாக்டரிடம் கேட்பது தவறன்று. தாமாக நிறுத்துவதுதான் தவறு.

அடுத்து, நிக்காஹின் நிலை என்ன? ஆண்மையற்றவரின் சட்டத்தை மத்ரஸாவில் இளம் பிராயத்தில் நாமும் ஓதினோம். காஜியார் ஓராண்டு தவணை கொடுப்பார் என்பதை மனனம் செய்தோமே தவிர, அந்த ஓராண்டில் அவ்விருவரும் ஒரே வீட்டில் எப்படி மூச்சுவிட்டிருப்பர் என்று எண்ணிப்பார்த்ததில்லை. ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளில், ஒருமுறையேனும் கூடி வாழ்ந்தபின் வந்த இயலாமைக்காக அந்தச் சட்டம் எழாது. நம் நாட்டின் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் விவாகரத்துச் சட்டமும், நிக்காஹின்போதே இருந்து தொடரும் ஆண்மைக்குறைவையே காரணமாக ஏற்கிறது. எனவே பெரியவரின் நிக்காஹுக்கு ஒரு குறையும் இல்லை. சக்திக்கு மீறியதை அல்லாஹ் எவர்மீதும் சுமத்துவதில்லையாதலால் அவர்மீது குற்றமும் இல்லை.

ஆனால் ‘குற்றமில்லை’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுமா? முடியாது. கொடுக்க இயலாத ஒன்றுக்காக, கொடுக்க இயன்ற அனைத்தையும் அவர் நிறுத்திக்கொண்டாரே, அதுதான் நம்மை வருத்தியது.

நம் வீட்டார் அந்த அம்மையாரைச் சென்று பார்த்தார்கள். “அவருக்கு என்மேல் என்ன கோபமோ தெரியவில்லைம்மா. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு எட்டு மாதமாகிறது” என்றாராம். ஊசியின் விளைவு அவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு உடன் செல்பவர் மகன். மகன் முன்னிலையில் தகப்பனார் எதைக் கேட்பார்? டாக்டர் சொன்னதைத்தான் மகன் தாயிடம் எப்படிச் சொல்வார்?

இங்கே நமக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. மாதவிடாய், பிள்ளைப்பேறு, நோன்பின் பகல், இஹ்ராம் என உடலுறவு விலக்கப்பட்ட நாட்களை ஒவ்வொரு முஸ்லிம் தம்பதியரும் வாழ்ந்தே வந்திருக்கின்றனர். மாதவிடாயுற்ற மனைவியரோடு சேர்ந்து உண்ணாத வழக்கம் மதீனத்து யூதர்களிடம் இருந்தது. நம் நாயகம் (ஸல்) அவர்களோ அந்நாட்களில் அன்னை ஆயிஷாவின் மடியில் சாய்ந்து குர்ஆன் ஓதினார்கள். அவர் வாய்வைத்துப் பருகிய இடத்திலேயே தாமும் பருகினார்கள். உறவு நின்ற நாளில் நெருக்கம் நிற்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அப்படி எத்தனையோ நாட்கள் பெரியவர் மனைவியின் நிலையறிந்து காத்திருந்தார். இப்போது அவருக்கு அத்தகைய நாட்கள் வந்துள்ளன. இவை நீண்ட நாட்கள், எப்போது முடியுமென்றும் தெரியாது, அதுவே வேறுபாடு. அர்ரூம் அத்தியாயத்தில் தம்பதியரிடையே அன்பையும் கிருபையையும் அமைத்ததாக அல்லாஹ் கூறுகிறான். ஆசை அடங்கிய உடலிலும் கிருபைக்கு இடமுண்டு.

‘அப்படியானால் மனைவி ஸப்ரு செய்யட்டும்’ என்று கணவன்மார் எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. ஹக்கு அவளுடையது, விட்டுக்கொடுப்பவளும் அவளே. அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் தம் முறையை அன்னை ஆயிஷாவுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அவ்வாறு விட்டுக்கொடுத்தவள் விரும்பினால் திரும்பக் கேட்கலாம் என்று ஹனஃபீ ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே ஒருநாள் ‘பரவாயில்லை’ என்று அவள் சொன்னது ஆயுள் முழுவதற்குமான கையெழுத்தன்று. கணவன் அவ்வப்போது கேட்க வேண்டும். நன்றியும் சொல்ல வேண்டும். இளவயது மனைவி தன் கற்புக்கு அஞ்சுவதாகச் சொன்னால், குல்உ என்னும் வழியை மார்க்கமே திறந்து வைத்திருக்கிறது. அவளைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் கேட்காத மனைவிக்குத் தலாக்கை ‘விடுதலை’ என்று கொடுப்பது, அவள் வாயால் சொல்ல வேண்டிய பதிலைத் தானே சொல்லிக்கொள்வதாகும்.

நடைமுறைக்குச் சில: டாக்டரிடம் மனைவியை அழைத்துச் செல்லுங்கள், மகனைச் சற்று வெளியே இருக்கச் சொல்லுங்கள். தளர்ச்சிக்கு மாத்திரைகள் உண்டு. அவை உறுப்புக்கு உதவுமே தவிர ஆசையைத் தருவதில்லை. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை உண்பவருக்கு அவை ஆபத்தானவை; ஆதலால் கடையில் தாமாக வாங்கலாகாது. டாக்டர் அனுமதியோடு நடைப்பயிற்சியும் தேகப்பயிற்சியும் களைப்பைக் குறைக்கும். இச்சிகிச்சையில் விந்து மிகக் குறையும். உறுப்புகள் கூடிவிட்டால் விந்து வெளிப்படாவிடினும் குளிப்பு கடமையே. உடல் கொதித்து வரும் வியர்வையால் ஒளு முறியாது.

அன்றிரவு பெரியவரிடம் இவ்வளவையும் நாம் சொல்லவில்லை. “பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் பாவா. நாளைக்கு அம்மாவிடம் ஊசியைப் பற்றிச் சொல்லுங்கள். தலாக்கைப் பற்றி அதன்பிறகும் கேட்கத் தோன்றினால் வாருங்கள்” என்று மட்டும் சொன்னோம். வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். பாய் இப்போது பள்ளிவாசலில் இல்லை. அடுத்த ஊசிக்கு அம்மையாரும் உடன் சென்றதாக அறிந்தோம். தலாக் மஸ்அலாவை அவர் மீண்டும் கேட்கவில்லை.

நோயுற்ற நம் சகோதரர்களுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பேணும் பெண்மக்களுக்கு நற்கூலியையும் அருள்வானாக! ஆமீன்.