மழையிருளும் விளையாட்டும்

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் சென்னையில் வானம் நாட்பல தொடர்ந்து சாம்பர் நிறம் பூண்டு நிற்கும். தெருவெங்கும் நீர் தேங்க, முதியோர் உலாவுதலின்றி அகத்தே ஒடுங்குவர். மயிலையின் ஆனிரை மேய்ந்த வெளியாதலின் மந்தைவெளி எனப் பெயர்பெற்ற இவ்விடத்தே இன்று மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. மழையிருள் மட்டும் முன்போலவே வருகின்றது. அதனைத் தொடரும் மார்கழிக் குளிரோ வடநாட்டார் கண்டு நகைக்கும் அளவினது. ஆயினும் ஒளியின்மையால் உள்ளம் சோர்தல் குளிரின் மிகுதி பற்றியதன்று. இக்காலத்தே விளையாடி மகிழ்தல் சைவ ஒழுக்கத்திற்குத் தகுமோ, அன்றி அஃது உலகாயதர் நெறியோ என அன்பர் சிலர் வினவினர். அதனை ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

தகாது என்பார் கூறுமாறு: உயிர் ஆணவ இருளிற் கிடப்ப, புறவிருளுக்கு அஞ்சி விளையாட்டை நாடுதல் பேதைமை, மழைக்காலத்துச் சோர்வு நிலையாமையை உணர்த்தலின் அது துறவுக்குத் துணையே என்பதாம். கேட்டற்கு இனிய கூற்றுத்தான். ஆயின் உமாபதி சிவனார் திருவருட்பயனில் இருள் இரண்டற்கும் காட்டிய வேற்றுமையை நினைமின். புறவிருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டி நிற்கும்; ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும். இதனைச் சோர்வின்மேல் வைத்து நோக்குக. மழையால் மனம் வாடுகின்றது என்று அறிந்து வாடுவானுக்கு விளக்கேற்றக் கை நீளும். தன் வாட்டத்தையே வைராக்கியம் எனக் கொண்டு, சிரிக்கும் சிறாரைச் சினந்து, பூசையையும் சுமையெனச் செய்து முடிப்பானுக்கோ, சோர்வு தன்னைத் தானே மறைத்துக்கொண்டது. பற்று நீங்கிய உள்ளம் இலேசாகும். கனத்துக் கிடப்பது நீங்கியமைக்கு அடையாளமன்று. இத்தகையார் இல்லறத்தாருள்ளும் உளர், மடங்களிலும் உளர்.

இனி, விளையாட்டை நம் முன்னோர் இழிவாகக் கருதினாரல்லர். தொல்காப்பியர் உவகை பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் விளையாட்டை ஒன்றாக வைத்தார். அருணந்தி சிவனார், இறைவன் செய்யும் தொழில்களை அவன் விளையாட்டு என்றலும் பொருந்தும் என உடன்பட்டு, அவை உயிர்கட்குப் போகமும் வீடும் நல்குதற்பொருட்டென மேலும் விளக்கினார். மணிவாசகர் அம்மானை, சாழல், பூவல்லி, உந்தி, தோணோக்கம், பொன்னூசல் என மகளிர் ஆடல்களையே தம் பாடற்குப் பெயராக்கினர். இவை பத்திப் பனுவல், சாத்திரம் ஆகா எனின், மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் காலத்தான் முற்பட்டது யாது? திருவியலூர் உய்யவந்த தேவநாயனார் அருளிய திருவுந்தியார் அன்றோ! உந்திபறத்தல் மகளிர் விளையாட்டு. தமிழிற் சித்தாந்தம் தன் முதலடியை ஆடிக்கொண்டே எடுத்து வைத்தது.

இருண்ட திங்கள்களில் விளையாட்டுகள் நெருங்கியிருத்தலும் தற்செயலன்று என்றே எண்ணுகின்றோம். கார்த்திகையில் தொண்டைநாட்டுச் சிறார் சுற்றும் மாவளியை நோக்குக. ஆண்பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்கி இடித்துத் துணியிற் சுருட்டி, பனைமட்டைப் பிளவுகளிடையே இறுக்கிக் கட்டி, கயிறு பிணித்து நெருப்பிட்டுச் சுழற்றுவர். சுழற்சியாற் காற்றேறப் பொறிகள் வட்டமாய்ப் பூத்துச் சொரியும். நிலவொளியினும் மழைமுகிற் கருமையிலேயே அஃது அழகுறும். மார்கழியிலோ திருவெம்பாவை மகளிர் விடியுமுன் எழுந்து, துயில்வாளை ஏசியும் நகையாடியும் எழுப்புவர். அறவுரை கூறி எழுப்பினாரல்லர் என்பதும், அவளை விட்டுவிட்டு நீராடப் போயினாரல்லர் என்பதும் கருதத்தக்கன.

ஆயினும் துயருற்றார் முன் விளையாட்டைப் பேசுதல் கொடுமையன்றோ என்னும் தடை எஞ்சி நிற்கின்றது. இதற்கு மயிலையே விடை பகரும். அரவு தீண்டி இறந்த மகளின் என்பும் சாம்பரும் குடத்திலிட்டுக் காத்த சிவநேசர் முன், திருஞானசம்பந்தர் நிலையாமை உரைத்திலர். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம் என விழாக்களை அடுக்கி, இவற்றைக் காணாதே போதியோ என அப்பூம்பாவையையே வினவினார். இருட்பருவத்து விழாக்களே அவ்வரிசையில் முன்னிற்றல் காண்க. ஆனால் அவற்றுக்கும் முன்னே, பதிகத்தின் முதற்பாட்டில் அவர் வைத்தது அடியார்க்கு அமுதூட்டல். 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு குடிகள் வீடிழந்த நாளில், அவர்க்கு வேண்டியது சோறும் உலர்ந்த ஆடையுமே. மாவளி அதன் பின்னரே. இழவு நேர்ந்த இல்லத்தார் அவ்வாண்டு விழாக் கொள்ளாமை நம்மவர் பலரிடை வழக்கு. அவர் வாயிற்படியில் அடுத்த வீட்டுச் சிறுமி ஓர் அகல் ஏற்றி வைத்துப் போதலை அவ்வழக்கு விலக்கியதாக யாம் கண்டிலேம்.