பெயர் விடுபட்டோர்

புகழ் என்பது உழைப்புக்குரிய கூலியா, அன்றி அதிர்ஷ்டத்தினால் வந்து சேரும் வெகுமதியா? கூலியாயின், அது கொடுபடாமல் நின்றவிடத்துக் கடனாளி யார்? இவ்வினாவை நம் நாட்டுச் சினிமா உலகைக் கொண்டே ஆராய விரும்புகிறோம்.

மலாய்ப் படம் என்றவுடன் பி. ராம்லியின் பெயரைத் தோட்டத்துச் சிறுவனும் சொல்லுவான். கோலாலம்பூரில் அவர் பெயரால் ஒரு வீதியே விளங்குகிறது. 1973-ம் ஆண்டில் மறைந்த அக்கலைஞருக்கு அச்சிறப்பு முற்றும் தகும். ஆனால் அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக நிறுத்திய படம், 1950-ல் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் ஸ்டூடியோவில் உருவான 'பக்தி' என்பதும், அதன் டைரக்டர் எல். கிருஷ்ணன் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னை மாகாணத்தில் பிறந்து, சிறு பிராயத்திலேயே பினாங்குக்கு வந்தவர் அவர். டைரக்டராக அவருக்கும் அதுவே முதற்படம். நூறு வயதைக் கடந்து வாழ்ந்து 2023-ல் அவர் காலமானபோது, நம் பக்கத்தில் அதைப்பற்றிப் பேசினவர் மிகச் சிலரே.

பி. என். ராவின் விஷயம் இதனினும் பரிதாபமானது. 'ரம்பையின் காதல்' (1939), ஜெமினியார் தயாரித்த 'மதனகாமராஜன்' (1941), 'சாலிவாகனன்' (1945) ஆகிய தமிழ்ப் படங்களை இயக்கியவர் இவர். 'சாலிவாகனன்' படத்தில் எம். ஜி. ராமச்சந்திரன் நடித்தார், அப்போது அவர் கதாநாயகனாக உயரவில்லை. பின்னர் ராவ் கடல் கடந்து வந்து, 1953-ல் 'ஹூஜான் பானாஸ்' படத்தில் ராம்லியை நடிக்கவைத்தார். ஆக, இரு நாட்டு மக்களும் தலைமேல் வைத்துக் கொண்டாடிய இருவர் ஏறிச் சென்ற படிகளில் இவர் நின்றிருக்கிறார். 1957-ல் கேத்தே-கெரிஸ் கம்பெனிக்காக இவர் எடுத்த 'பொந்தியானாக்' என்னும் பேய்ப் படத்தைக் காண ஜனங்கள் திரண்டனர். அதில் நடித்த மரியா மெனாடோவின் பெயர் நிலைத்தது. படத்தின் பிரதியோ இன்று கிடைப்பதில்லை!

இவர்கள்மீது குறை கூறினோரும் உண்டு. இந்தியப் படக் கதைகளையும் ஆட்டபாட்டங்களையும் பெயர்த்துவந்து மலாய் நடிகர் வாயில் திணித்தனர், இந்நாட்டு வாழ்வை அறியார் என்று மலாய்க் கலைஞர் வருந்தினர். அவ்வருத்தம் நியாயமானதே. 1955-ல் ராம்லி தாமே டைரக்டராகி, ஒரு ரிக்ஷாக்காரனின் கதையை 'பெனாரெக் பேச்சா' என்று எடுத்தபோதுதான் மலாய் ஏழையின் சொந்த முகம் திரையில் தெளிவாகத் தெரிந்தது எனலாம். (அத்தகையவரும் 1964-ல் உலு கிளாங் மெர்டேகா ஸ்டூடியோவுக்கு வந்தபின் கண்ட கடைசி நாட்கள் அவ்வளவு செழிப்பானவையல்ல.) ஆயினும், தன்னைத் தாண்டிச் செல்லும் அளவுக்கு ஒருவனைப் பயிற்றிய ஆசானுக்கு, தாண்டப்பட்டான் என்ற காரணத்தால் நன்றி மறுக்கலாகுமோ? குறையைச் சொல்லுவதும் நன்றி பாராட்டுவதும் ஒரே வாயால் செய்யத்தக்கவை.

சம்பளம் வாங்கினார்களே, பெயர் வேறு எதற்கு என்பார் சிலர். தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்க்கும் நாம் நாள்தோறும் செக்ரோல் எழுதுகிறோம். பெயர் விழுந்தால்தான் கூலி விழும். விடுபட்டவன் சம்பள நாளில் வந்து வாசலில் நிற்பான். படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்களும் ஒரு செக்ரோலே. பணத்தைக் கம்பெனி கொடுத்துத் தீர்த்தது. மற்றதைக் கொடுக்க வேண்டியவர் படம் பார்த்து மகிழ்ந்த ஜனங்கள். செத்தவனுக்குப் புகழால் வயிறு நிறையாது என்பது மெய்தான். ஆனால் கணக்குப் பிசகினால் நஷ்டம் உயிரோடிருப்பவனுக்கு. பெரியவர்கள் தாமே முளைத்தவர்கள் என்று நம்பும் லயத்துப் பிள்ளை, சிறு வேலையைத் திருந்தச் செய்வானேன்?

இன்னொரு கூட்டமும் உண்டு. கிருஷ்ணன் 'நம்மவர்' என்று மார் தட்டுவர். அவர் எடுத்த ஒரு படத்தின் பெயரைச் சொல்லச் சொன்னால் விழிப்பர். இது நன்றியன்று, இனப்பெருமை. பிறர் உழைப்பில் பங்கு கேட்கும் சோம்பலுக்கு நாம் வேறு பெயர் அறியோம்.

நாம் வசிக்கும் இத்தீவு எட்வர்ட் வேலன்டைன் கேரி என்னும் துரையின் பெயரைச் சுமக்கிறது. கடல்நீரைத் தடுக்கும் வரம்புகளைக் கட்டிக் காத்தவர்களுள் தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர். அவர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை என்று அங்கலாய்ப்போர் பலர். நமக்கு முன்பே இங்கு வாழ்ந்துவரும் மா மெரி மக்களின் பெயர்களைக் கேட்டறிவோர் அப்பலருள் சிலரே.

பழைய மலாய்ப் படங்கள் தொலைக்காட்சியில் வராமலில்லை. பாட்டு வரட்டும் என்று தேநீர் கலக்க எழுந்து போகாமல், தொடக்கத்தில் ஓடும் எழுத்துக்களைப் பிள்ளைகளை விட்டு உரக்க வாசிக்கச் செய்யலாம்.